சீல் வைத்த பாலைவனம்

அமீருக்கு வேலை அடுக்குவது. பீரோவிலோ பரணிலோ அல்ல, நாற்பதடி கன்டெய்னருக்குள். மணலி போகிற சாலையில் உள்ள ஒரு சரக்கு யார்டில் பதினான்கு வருஷமாக அவன் ஸ்டஃபிங் சூப்பர்வைசர். கிரானைட் பலகையோ, தோல் கட்டோ, ஊறுகாய் பீப்பாயோ, எதைக் கொண்டுவந்து தரையில் இறக்கினாலும் அமீர் அதை ஒரு சுற்று சுற்றி வருவான், கண்ணை இடுக்குவான், "அடங்கும்" என்பான், இல்லையென்றால் "அடங்காது" என்பான். அவன் அடங்கும் என்று சொன்னது அடங்காமல் போனதில்லை. நடுக்கடலில் கப்பல் என்ன ஆட்டம் ஆடினாலும் அவன் அடுக்கிய சரக்கு அரை அங்குலம் நகர்ந்ததாகப் புகார் வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவனால் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு வண்டிக்குள் அடக்கி ராயபுரத்தைத் தாண்டிக் கூட்டிப்போக மட்டும் முடிந்ததில்லை.

முயற்சிக்குக் குறைவில்லை. போன வருஷத்துக்கு முந்தின கோடையில் ஊட்டிக்குத் திட்டம் போட்டான். எங்கே டீ, எத்தனையாவது வளைவில் யாருக்கு வாந்தி மாத்திரை, தொட்டபெட்டாவில் யார் எந்த ஸ்வெட்டர் என்பதுவரை எழுதி வைத்தான். போன கோடையில் கொடைக்கானல். இரண்டு தடவையும் புறப்படுகிற அன்று காலையில் மேனேஜர் பக்தவச்சலம் ஃபோன் செய்தார். பக்தவச்சலம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அமீர் என்றைக்கோ ஃபோனை எடுக்காமல் விட்டிருப்பான். "அமீரு, ரெண்டே ரெண்டு பாக்ஸ் பா. கப்பல் நிக்காது. முடிச்சுக் குடுத்துட்டு மத்தியானமா கெளம்பிடு" என்று, உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவது போல மெல்லப் பேசுவார். இரண்டு பாக்ஸ் நாலாகும், நாலு ஒன்பதாகும், மத்தியானம் மறுநாளாகும், லீவு தீர்ந்துபோகும்.

வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. மலிகா கட்டிய மூட்டையை அவிழ்த்துத் துணிகளைப் பழையபடி மடித்து வைத்தாள். சுஹைப்புக்கு அப்போது விவரம் போதாது. விவரம் போதுமானவள் மூத்தவள் உஸ்மா.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் 'கோடை விடுமுறையை நான் கழித்த விதம்' என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். உஸ்மா ஊட்டியைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள். அத்தாவின் திட்டத்தில் எல்லா விவரமும் இருந்ததால் போகவில்லையே என்கிற சிரமம் அவளுக்கு இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போன அமீரிடம் டீச்சர், "தொட்டபெட்டால அவ்வளவு குளிரா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உஸ்மா அப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மிஸ்," என்றான் அமீர். "பல்லெல்லாம் கிட்டிகிச்சு."

அடுத்த வருஷம் கொடைக்கானலுக்கும் அவளுக்கு நல்ல மதிப்பெண்.

இந்த வருஷம் பாலைவனம். இது அமீரின் மூளையில் உதித்தது, அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. கோடையில் ஊரே குளிருக்கு ஓடுகிறது. அதனால்தான் ரூம் கிடைப்பதில்லை, கிடைத்த ரூமைத் தள்ளிப்போடவும் முடிவதில்லை. நாம் வெயிலைத் தேடிப் போனால் கூட்டமே இருக்காது. ரூமும் வேண்டாம், மணலில் டென்ட் அடித்துப் படுத்துக்கொள்ளலாம். இதை அவன் மலிகாவின் அண்ணன் ஒவைஸிடம் சொன்னான். சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஆம்னி வண்டி ஒவைஸுடையது.

ஒவைஸ் பாலத்துக்கடியில் ஜூஸ் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன்பு பதினோரு வருஷம் சவூதியில் இருந்தான். மாதுளம்பழத்தை உரித்தபடியே முழுத் திட்டத்தையும் கேட்டான்.

"நா தம்மாம்ல பதினோரு வருசம் மணலத் தின்னுகினு இருந்தேன் மாப்ள. அதுக்கு அவன் எனக்கு சம்பளம் குடுத்தான். நீ இன்னான்னா சொந்தக் காசப் போட்டுத் திங்கப் போறேன்ற."

"அது வேலை மச்சான். இது டூரு."

"அது மணலுக்குத் தெரியுமா?"

முதலில் ராஜஸ்தான் என்றுதான் இருந்தது. போக மூன்று நாள், வர மூன்று நாள். லீவு ஐந்து நாள். பாலைவனத்தைப் பார்ப்பதற்கு முந்தின நாளே திரும்பிவிட வேண்டும் என்று வந்தது. அமீர் அதையும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தான்.

வழி சொன்னவன் சாலமன். தூத்துக்குடி யார்டில் அமீர் செய்யும் அதே வேலையைச் செய்கிறவன். பதினோரு வருஷமாக இருவரும் தினம் ஃபோனில் பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. "ராஜஸ்தான் எதுக்குண்ணே? நம்ம பக்கம் தேரி கெடக்குல்லா. செக்கச் செவேல்னு மணலு, கண்ணுக்கெட்டுன மட்டும். ஓரத்துல எங்க சித்தப்பாவுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருக்கு. அங்கன கூடாரத்த அடிச்சுக்கிடுங்க" என்றான்.

"ஒட்டகம் கீதா?" என்று கேட்டான் ஆறு வயது சுஹைப்.

"ஒட்டகம் இல்ல செல்லம். ஆடு கீதாம்."

சுஹைப் இதை ஏற்கவில்லை. பாலைவனம் என்றால் ஒட்டகம் இருந்தே தீரும் என்றும், அது முள்ளைத்தான் தின்னும் என்றும் ஒவைஸ் மாமா அவனிடம் சொல்லியிருந்தான். மறுநாளிலிருந்து அவன் ரயில் தண்டவாளத்து ஓரமாக முள்குச்சி ஒடித்து, துணிக்கடைப் பையில் சேர்க்க ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமீர், சாமான் அடுக்கும் படம் போடக் கட்டம் போட்ட தாள் தேடி உஸ்மாவின் பையைத் துழாவினான். கையில் வந்தது தமிழ்க் கட்டுரை நோட்டு. அதில் பச்சை மசியில் இப்படி இருந்தது:

'இந்த விடுமுறையில் நாங்கள் தேரி என்னும் பாலைவனத்திற்குச் சென்றோம். விடியற்காலை ஐந்து மணிக்கு மகிழ்ச்சியாகப் புறப்பட்டோம். வழியில் செங்கல்பட்டு ஏரியைக் கண்டு களித்தோம். என் அத்தா மணலில் கூடாரம் அடித்தார். இரவில் எண்ணற்ற நட்சத்திரங்கள் தெரிந்தன. அத்தாவுக்கு ஃபோன் வரவில்லை.'

அப்போது ஏப்ரல் மாதம்கூட முடிந்திருக்கவில்லை.

"இன்னாமா இது," என்றான் அமீர். "நாம இன்னும் போவவே இல்லியே."

உஸ்மா தம்பியின் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். "போனாலும் போவாட்டியும் எழுதணும்ல அத்தா. ஸ்கூல் தொறக்கறதுக்கு மொத நாளு உக்காந்தா கை வலிக்குது. அதான் இப்பவே முடிச்சு வெச்சுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அமீர் எதையாவது வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பான். அவள் மளிகைக் கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னாள். இருபத்தைந்து டன் சரக்கை ஒரு தடவை சுற்றிவந்து எடை சொல்கிறவனுக்கு, அந்த ஒரு பக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கல்மண்டபம்வரை நடந்துபோய், வேண்டாத ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் திட்டம் போட்ட விதத்தைப் பார்த்து மலிகாவுக்கே பயம் வந்தது. ஆறு பேர் படுக்கும் டென்ட் ஒன்று வந்து இறங்கியது. ஒத்திகை பார்க்காமல் பாலைவனத்துக்குப் போகக் கூடாது என்று ஹாலில் அடித்துப் பார்த்தான். டென்டை ஒரு சுற்று சுற்றி, கண்ணை இடுக்கி, "அடங்கும்" என்றான். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகத் தவறியது. டென்டின் கம்பி நிமிர்ந்ததும் ஒரு முனை ஷோகேஸில் குத்தி நின்றது, மறுமுனை சமையலறைக் கதவை வெளியிலிருந்து அடைத்துக்கொண்டது. மலிகா உள்ளே மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நா இப்ப எங்க கீறேன்? வூட்லயா, பாலைவனத்துலயா?"

"பார்டர்ல கீறே."

"அப்ப பாஸ்போர்ட்டக் குடுங்க. பாத்ரூம் போவணும்."

டென்டைப் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மலிகா மாலைக்கான வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்திருந்தாள்.

காலடிப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, ஆம்னியின் தலையில் வைக்க ஐந்தடிக்கு மூன்றடியில் இரும்புப் பெட்டி செய்தான். நல்ல தடித் தகடு, தடித்த கொண்டி. பட்டறைக்காரர் அதைத் தட்டிப் பார்த்து, "உள்ள யாரு சார் போறது?" என்று விசாரித்தார். பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கினான். யார்டில் யாரிடமும் ஊர் பெயரைச் சொல்லவில்லை. பக்தவச்சலத்திடம் லீவுக் கடிதம் கொடுத்தபோது காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று மட்டும் எழுதினான். பக்தவச்சலம் அதைப் படித்து, "நல்ல விசயம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

புறப்படும் நாள் வந்தது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்த அமீர், யார்டுக்குப் போட்டுப்போகும் அதே எட்டுப் பாக்கெட் பேண்டில் வண்டியின் மேல் ஏறி நின்றான். மலிகாவும் உஸ்மாவும் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். சந்தில் பால் வண்டிக்காரர், குழாயடியில் நின்றவர்கள், எதிர்வீட்டு மாடி எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். கீழே தண்ணீர்க் கேன், அடுப்பு, அரிசி. அதன் மேல் பாத்திரம், பாத்திரத்துக்குள் மசாலா டப்பா, டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவில் சுஹைப்பின் ஜட்டி. அதன் மேல் போர்வை, துணிமணி, ஸ்கூல் பை, எல்லாவற்றுக்கும் மேலே டென்ட். காலைச் சாப்பாட்டுக்குக் கட்டிய இட்லிப் பொட்டலத்தை எடுக்க வசதியாக ஓரத்தில் வைத்தான். கடைசியில் எல்லாவற்றையும் பெல்ட் போட்டு இறுக்கினான். உள்ளே ஒரு விரல் நுழைய இடமில்லை.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு. வெறும் பெட்டியை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். பாதி நிரம்பியதும் ஒன்று, முழுக்க நிரம்பியதும் ஒன்று, கதவு சாத்தியதும் ஒன்று. கடைசியில் சீல் போட்டு அதன் நம்பர் தெரிய ஒன்று. இந்த ஐந்தும் இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கேட்டைத் தாண்டாது. சீல் என்பது விரல் தடிமன் இரும்பு ஆணி. கொண்டியில் நுழைத்து அடியில் குப்பியைச் செருகினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். அதற்குச் சாவி கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்தில், ஆள் உயரக் கட்டரை வைத்து வெட்டித்தான் எடுப்பார்கள்.

அடுக்கத் தொடங்கும் முன்பே வெறும் பெட்டியை அமீர் போட்டோ எடுத்திருந்தான். பாதியில் ஒன்று எடுத்திருந்தான். நிரம்பியதும் ஒன்று எடுத்து, பெல்டை இன்னும் ஒரு பல் இறுக்குவதற்காக ஃபோனை டென்டின் மேல் வைத்தான். இறுக்கினான். மூடியைச் சாத்தினான். பூட்டு ஐந்தாவது பாக்கெட்டில் இருந்தது. ஆனால் கை பதினான்கு வருஷப் பழக்கத்தில் இரண்டாவது பாக்கெட்டுக்குள் போனது. எப்போதோ இழுத்து மூடிவிட்ட ஒரு கப்பல் கம்பெனியின் சீல், யாரும் திருப்பிக் கேட்காமல் மாதக்கணக்காக அங்கே கிடந்தது. கை அதை எடுத்தது, கொண்டியில் நுழைத்தது, குப்பியைச் செருகியது.

டக்.

அமீர் ஓரடி பின்னால் நகர்ந்து, கண்ணை இடுக்கி, சீல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பிறகு சீலைப் போட்டோ எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டான்.

சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. பேண்டின் எட்டுப் பாக்கெட்டிலும் தேடினான். பூட்டு கிடைத்தது.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டாள் மலிகா.

பதில் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. யார்டு நம்பர்களுக்கெல்லாம் சுஹைப் அத்தாவின் ஃபோனில் கப்பல் சங்கு ஊதுகிற சத்தத்தை வைத்திருந்தான். இரும்புத் தகட்டுக்குள் அது இரண்டு மடங்காகக் கேட்டது. ஆம்னியின் தலையிலிருந்து, துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பலைப் போல, நீளமாக ஊதியது.

குழாயடியில் பேச்சு நின்றது.

அது யார் என்று அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு யார்டிலிருந்து கூப்பிடுகிறவர் ஒருவர்தான்.

"எடுக்காதீங்க," என்றாள் மலிகா.

"எடுக்கத்தான் முடியாதே," என்றான் அமீர். "சீல் போட்டேன்."

"பெட்டிக்கா?"

"ம்."

"நம்ம பெட்டிக்கா?"

"கை பழக்கம்."

மலிகா புருஷனை அண்ணாந்து பார்த்தாள். "நம்மள யாருங்க ஏத்துமதி பண்றாங்க?" என்றாள். "இட்லி உள்ள கீது. புள்ளைங்களுக்கு மாத்தத் துணி உள்ள கீது. என் கண்ணாடி உள்ள கீது."

ரம்பத்தால் அறுக்கலாம் என்றார் பால் வண்டிக்காரர். அந்த ஆணிக்கு மூன்று பிளேடு தேய்ந்தாலும் கீறல்தான் விழும் என்பது அமீருக்குத் தெரியும். பட்டறை பத்து மணிக்குத்தான் திறக்கும். இந்த நேரத்தில் கட்டர் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, யார்டு. அரை மணியில் போய்விடலாம். போனால் அந்த வாசலில் பக்தவச்சலம் நிற்பார்.

பெட்டி இரண்டாவது முறை ஊதியது.

அப்போதுதான் அமீர் உஸ்மாவைப் பார்த்தான். அவள் கட்டுரை நோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். அவசரமில்லாமல், மாலையில் பள்ளிவிட்டு வந்து அவிழ்ப்பது போல. சுஹைப் முள்பையைக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்து அக்காவையே பார்த்தான்.

பெட்டி ஓய்ந்தது. மலிகாவின் கையிலிருந்த ஃபோன் அடித்தது. யார்டு விண்ணப்பத்தில் அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த நம்பர்.

மலிகா எடுத்தாள். "ஆமா சார். நல்லா கீறோம் சார். அவரு ஃபோனு சீல் போட்ட பெட்டிக்குள்ள மாட்டிகிச்சு சார்... இல்ல சார், நம்ம பெட்டிதான். தோ குடுக்கறேன்."

அமீர் வண்டியின் மேலேயே குந்தி உட்கார்ந்து ஃபோனை வாங்கினான்.

"அமீரு," என்றார் பக்தவச்சலம், அதே மெல்லிய குரலில். "தொந்தரவு பண்றேன்னு நெனச்சுக்காத. ரெண்டே ரெண்டு பாக்ஸ் பா. பசங்க அடுக்கினானுங்க, கதவு சாத்த வரல. இன்னிக்கு விட்டா கப்பல் போயிடும். கட்டர்தான் இங்க கீதே. வண்டியோட வந்துடு, உன் சீல நானே வெட்டித் தரேன். ஒரு ரெண்டு அவர். அப்டியே கெளம்பிடு."

எவ்வளவு நியாயமாக இருந்தது. போன வருஷமும் இப்படித்தான் நியாயமாக இருந்தது. சரி சார் என்று சொல்ல வாய் தயாராகிவிட்டது. அமீர் கீழே பார்த்தான். உஸ்மா ஒரு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதற்குக் குனிந்திருந்தாள்.

"சார்," என்றான் அமீர். "வண்டி கேட் அவுட் ஆயிட்டுது சார்."

யார்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கேட்டைத் தாண்டிய கன்டெய்னர் தாண்டியதுதான், அதைத் திருப்பிக் கூப்பிட மந்திரிக்கே வழி இல்லை. பதினான்கு வருஷமாக இதைப் பிறருக்குச் சொல்லித் தந்தவர் பக்தவச்சலம்.

"கேட் அவுட்டா," என்றார். "இப்ப எங்க கீறே?"

"செங்கல்பட்டு தாண்டிட்டேன் சார்."

சொல்லி வாய் மூடவில்லை, சந்து முனையில் மீன்காரம்மாவின் கூடை வண்டி திரும்பியது. "காசிமேட்டு சங்கரா, நெத்திலி, சங்கரா" என்று அந்த அம்மா ஆம்னியின் பக்கத்திலேயே வந்து நின்று குரல் கொடுத்தாள். "இன்னா நைனா, மேல ஏறி குந்திகினு கீறே. சங்கரா போடவா?"

அமீர் கண்ணை மூடிக்கொண்டான்.

"அமீரு," என்றார் பக்தவச்சலம். "செங்கல்பட்டுல காசிமேட்டு சங்கரா விக்கறாங்களா?"

"ஹைவேஸ்ல விக்கறாங்க சார்."

"புதுசா கீதா?"

"இப்பதான் வந்துது சார்."

பக்தவச்சலம் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் யார்டின் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி நகரும் பீப் சத்தமும் கேட்டது. "சரி," என்றார். "அந்த ரெண்டு பாக்ஸ நானே நின்னு பாத்துக்கறேன். சீல் நம்பர் நோட் பண்ணிகினியா?"

"பண்ணிட்டேன் சார்."

"போட்டோ?"

"ஃபோனு உள்ள கீது சார்."

"பாத்துப் போ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வைப்பதற்கு முன்னால் அவர் சிரித்தாரா இருமினாரா என்று அமீருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அமீர் வண்டியின் மேலிருந்து குதித்தான். "ஏறு ஏறு ஏறு," என்றான். "நாம செங்கல்பட்டு தாண்டிட்டோம். சீக்கிரம் தாண்டணும்."

"இட்லி?" என்றாள் மலிகா.

"தூத்துக்குடியில."

"இட்லி தூத்துக்குடியிலயா?"

"கன்டெய்னர் போய்ச் சேர்ற எடத்துலதான் சீல ஒடப்பாங்க. அங்க சாலமன் கிட்ட கட்டர் கீது. வழியில கடையில சாப்டுவோம். நட."

உஸ்மா ஒரு காலில் ஷூவும் மறுகாலில் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தாள். அமீர் அவள் எதிரில் மண்டியிட்டு, கழற்றிய ஷூவை எடுத்து அவள் காலில் மாட்டினான். லேஸைக் கட்டும்போது கைக்குச் சாதாரண முடிச்சு வரவில்லை. சரக்கு கட்டுகிற முடிச்சுதான் வந்தது. நடுக்கடல் தாங்கும், தூத்துக்குடி தாங்காதா.

"நெஜமாவா அத்தா?" என்றாள் உஸ்மா.

"மேனேஜர் கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. இப்ப போயே ஆவணும்."

வண்டி கிளம்பியது. பால் வண்டிக்காரர் கையசைத்தார். மீன்காரம்மா, "அப்ப சங்கரா வாணாமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். குடும்பத்தின் உடைமை அத்தனையும் தலைக்கு மேல் சீலுக்குள் இருக்க, வண்டிக்குள் நான்கு பேர், மலிகாவின் கைப்பை, ஒரு கட்டுரை நோட்டு, பச்சைப் பேனா, ஒட்டகத்துக்கு ஒரு பை முள். பீச் ஸ்டேஷனைத் தாண்டும்போது மேலே கப்பல் ஊதியது. கிண்டியில் ஊதியது. தாம்பரம் சிக்னலில் ஊதியபோது போக்குவரத்துக் காவலர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எந்தச் சட்டத்தில் கேஸ் எழுதுவது என்று தெரியாமல் போகச் சொன்னார். பக்தவச்சலமாக இருக்காது, யார்டு பசங்களாக இருக்கும் என்று அமீர் தனக்குச் சொல்லிக்கொண்டான். முந்தின ராத்திரி ஃபோனுக்கு நூறு சதவீதம் சார்ஜ் போட்டு வைத்ததும் அவனுடைய திட்டம்தான்.

மலிகாவின் ஃபோனில் சாலமனைக் கூப்பிட்டார்கள். அவன் நம்பர் அமீருக்கு மனப்பாடம். விவரம் கேட்ட சாலமன் கொஞ்சமும் சிரிக்கவில்லை. "கட்டர் கெடக்குண்ணே, நீங்க வாங்க," என்றான். "பெட்டி அசையாமத்தான வருது?"

"அரை இன்ச் அசையாது," என்றான் அமீர்.

வண்டலூர் தாண்டி ஒரு கடையில் பூரி சாப்பிட்டார்கள். திரும்ப வண்டியில் ஏறியதும் உஸ்மா நோட்டைத் திறந்து மடியில் வைத்தாள்.

"அத்தா, ரப்பர் எங்க?"

"மேல, உன் ஸ்கூல் பைல."

"பேனாவுக்கு ரப்பர் இன்னாத்துக்கு," என்றாள் மலிகா. "அடிச்சுட்டு எழுது."

உஸ்மா 'ஐந்து மணிக்கு மகிழ்ச்சியாக' என்பதை அடித்தாள். மேலே 'ஆறரை மணிக்கு' என்று எழுதினாள். மகிழ்ச்சியாக என்பதைத் திரும்பப் போடுவதா என்று யோசித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, 'அவசரமாக' என்று போட்டாள். அடுத்த வரியில் பேனா நின்றது.

"செங்கல்பட்டு நெஜமா வந்தா சொல்லுங்க அத்தா. வந்தப்பறம்தான் எழுதுவேன்."

அமீர் வழியெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டே ஓட்டினான். சிங்கப்பெருமாள் கோயில் போனது. பிறகு வெயிலில் பளபளவென்று ஏரி வந்தது. கோடைக்கு வற்றிப்போய், கட்டுரையில் இருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. அமீர் வேகத்தைக் குறைத்தான்.

"செங்கல்பட்டு வந்துட்டுதுமா."

"தாண்டிட்டமா?"

"தாண்டிகினே கீறோம். இரு... இப்போ தாண்டிட்டோம்."

ஊர்ப் பலகை கண்ணாடியில் பின்னால் போகும்வரை அவள் பொறுத்திருந்து, பிறகு எழுதினாள். அமீருக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. பக்தவச்சலத்திடம் சொன்னது, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும், உண்மையாக வந்து சேர்ந்துவிட்டது.

கூடாரத்தையும் நட்சத்திரத்தையும் உஸ்மா தொடவில்லை. அவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கடைசி வரிக்குப் போனாள்.

"அத்தா, 'ஃபோன் வரவில்லை'ன்னு எழுதியிருக்கேன். வந்துச்சுல்ல?"

"வந்துச்சுமா. உள்ளத எழுது."

"எத்தினி தபா வந்துச்சு?"

"ஏழு," என்றான் பின்சீட்டிலிருந்து சுஹைப். எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான்.

உஸ்மா ஏழு என்று எழுதப் போனாள். மேலே கப்பல் நீளமாக ஊதியது. முன்னால் போய்க்கொண்டிருந்த டேங்கர் லாரி பதறி இடது பக்கம் ஒதுங்கி ஆம்னிக்கு வழிவிட்டது.

"எட்டு," என்றான் சுஹைப்.